சாவிப் பெட்டியின் சாவி எங்கே? சர்வர்லெஸ் செயலி தன் ரகசியங்களைப் படிக்கும் விதம்

"பாஸ்வேர்டை நிரலில் எழுதாதே, என்விரான்மென்ட் வேரியபிளில் போடு." கிளவுடில் வேலை பழக வருகிற எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே கிடைக்கிற அறிவுரை இது. அப்படி நிரலுக்கு வெளியே போட்டால் பாஸ்வேர்டு யார் கண்ணிலிருந்து மறைகிறது, யார் கண்ணுக்கு அப்படியே தெரிகிறது என்று யாரும் விளக்குவதில்லை. கொஞ்ச நாள் கழித்து இன்னொருவர் வந்து, "அதுவும் பத்தாது, சீக்ரெட்ஸ் மேனேஜரில் வை, அது என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, வைக்கும்" என்பார். அப்போது யோசிக்கிற எவருக்கும் ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். ரகசியத்தைப் பெட்டகத்தில் பூட்டினால் பெட்டகத்தைத் திறக்க ஒரு சாவி வேண்டுமே, அந்தச் சாவியை எங்கே வைப்பது?

இதற்குத் தெளிவான பதில் கிடைக்காததால், பெட்டகத்தின் சாவியையும் என்விரான்மென்ட் வேரியபிளிலேயே போட்டுவிட்டு "இப்போது பாதுகாப்பாக இருக்கிறது" என்று நம்புகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பு இல்லை. இந்த விஷயத்தை விளக்குகிறவர்கள் எப்போதும் பூட்டைப் பற்றியே பேசுகிறார்கள், கதவருகே நிற்பவரைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் மொத்த ஏற்பாடும் அந்த ஆளை அடையாளம் காண்பதில்தான் இருக்கிறது.

## ரகசியம், சர்வர்லெஸ்: இரண்டு சொற்கள்

ரகசியம் என்று இங்கே சொல்வது, தெரிந்தவர் யாரானாலும் உள்ளே போய்விடக்கூடிய ஒரு எழுத்துக்கோர்வை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பணப் பரிமாற்றச் சேவை தன்னை நிரல்கள் அழைப்பதற்காகக் கொடுத்த ஏபிஐ கீ, டோக்கன் என்ற அடையாளச் சீட்டில் கையெழுத்திடப் பயன்படும் கீ எல்லாம் இதில் அடக்கம். டேட்டாபேஸின் முகவரி ரகசியம் அல்ல, அதன் பாஸ்வேர்டுதான் ரகசியம். இரண்டையும் ஒரே கான்ஃபிக் கோப்பில் போட்டுப் பழகியதால் பலருக்கு இந்த வித்தியாசமே மங்கிப்போயிருக்கிறது.

சர்வர்லெஸ் என்றால் சர்வரே கிடையாது என்று அர்த்தம் இல்லை. சர்வர் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை உங்களுடையது இல்லை. நீங்கள் ஒரு ஃபங்ஷனை எழுதிக் கொடுக்கிறீர்கள். கோரிக்கை வரும்போது கிளவுட் நிறுவனம் அதற்கென ஒரு சிறிய, தனித்த இடத்தை உருவாக்கி, உங்கள் நிரலை அதில் ஏற்றி ஓட்டுகிறது. அமேசான் 2014இல் அறிவித்த லாம்ப்டாதான் இந்த முறையைப் பரவலாக்கியது. அதில் ஒரு அழைப்பு அதிகபட்சம் 15 நிமிடம் ஓடலாம், பெரும்பாலானவை ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். இந்தக் கட்டுரையில் லாம்ப்டாவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், மற்ற கிளவுடுகளைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை.

பழைய முறையில் ஒரு சர்வர் மாதக்கணக்கில் ஓடும். யாராவது உள்ளே லாகின் செய்து ஒரு கோப்பில் பாஸ்வேர்டை எழுதி வைத்துவிட்டுப் போகலாம். சர்வர்லெஸ்ஸில் அப்படி உள்ளே போய் வைக்க நிலையான இடமே இல்லை. ஃபங்ஷன் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும், தனக்கு வேண்டிய ரகசியத்தைத் தானே எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ள வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

## நிரலிலும் வேரியபிளிலும் வைத்தால் என்ன ஆகும்

நிரலில் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவியான கிட் எதையும் மறப்பதில்லை. இன்று பாஸ்வேர்டை அழித்து கமிட் செய்தாலும், அதாவது அந்த மாற்றத்தைப் பதிந்தாலும், நேற்றைய கமிட்டில் அது பத்திரமாக இருக்கும், ரெப்போ எனும் அந்த நிரல் தொகுப்பை இறக்கிக்கொண்ட ஒவ்வொருவரின் கணினியிலும் இருக்கும். அதை பேஸ்64இல் மாற்றி வைத்தாலும் பயன் இல்லை. அது எழுத்துகளை வேறு வடிவில் எழுதுவது, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பி எடுக்கலாம்.

என்விரான்மென்ட் வேரியபிள் என்பது, நிரல் ஓடும் இடத்தில் அதற்கு வெளியிலிருந்து கொடுக்கப்படும் பெயரும் மதிப்பும். நிரலில் எழுதுவதைவிட இது நிச்சயம் மேல், ஏனென்றால் ரகசியம் கிட்டுக்குள் போவதில்லை. லாம்ப்டா இந்த வேரியபிள்களைச் சேமிக்கும்போது என்கிரிப்ட் செய்தே வைக்கிறது என்பதும் உண்மை. அப்புறம் என்ன குறை?

முதல் குறை, அந்த என்கிரிப்ஷன் டிஸ்க்கைத் திருடிப்போகிறவனைத்தான் தடுக்கிறது. ஃபங்ஷனின் அமைப்பைப் பார்க்க அனுமதி உள்ளவர் திரையைத் திறந்தால், வழக்கமான அமைப்பில் பாஸ்வேர்டு படிக்கிற மாதிரி அங்கேயே தெரியும். அந்த அனுமதி பிழை திருத்துகிறவர்கள், கண்காணிப்புக் கருவிகள், நிரலைக் கிளவுடில் ஏற்றும், அதாவது டெப்ளாய் செய்யும் தானியங்கி என்று பலரிடம் இருக்கும், "பார்க்க மட்டும்தானே" என்று தாராளமாகக் கொடுத்திருப்பார்கள்.

இரண்டாவது குறையை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு ஃபங்ஷன் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. காரணம் தேட, அது ஓடும்போது எழுதும் குறிப்புகளான லாகைத் திறந்தேன். பிழை வந்தால் எல்லா என்விரான்மென்ட் வேரியபிள்களையும் அச்சிடும்படி யாரோ எப்போதோ ஒரு வரி எழுதி, எடுக்க மறந்திருக்கிறார்கள். ஒரே நீள வரி. மண்டலத்தின் பெயர், நேர மண்டலம் யூடிசி, நினைவக அளவு 512, அடுத்தது டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, அதற்கடுத்து லாக் குழுவின் பெயர். நூற்றுக்கணக்கான முறை அதே வரி. அந்த லாக் தேடுவதற்கு வசதியாக இன்னொரு சேவைக்கும் நகலாகிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் திருடவில்லை, கெட்ட எண்ணத்துடன் யாரும் எதுவும் செய்யவில்லை, ஆனாலும் அந்த பாஸ்வேர்டு அன்றைக்கு எத்தனை இடங்களில் இருந்தது என்று எங்களால் எண்ணிச் சொல்ல முடியவில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நிரலில் வைத்தால் கிட் வழியாகப் பரவும். வேரியபிளில் வைத்தால் திரை வழியாகவும் லாக் வழியாகவும் பரவும். இரண்டிலும் பொதுவான குறை ஒன்றுதான், ரகசியத்தை யார் படித்தார்கள் என்ற முழுப் பதிவு எங்கேயும் இல்லை.

## சாவிக்குச் சாவி, அதற்கு ஒரு சாவி

சரி, பெட்டகத்துக்கு வருவோம். பெட்டகம் என்று நான் சொல்வது ரகசியங்களைச் சேமித்து, கேட்பவர் யார் என்று சரிபார்த்து, பிறகே கொடுக்கும் ஒரு தனிச் சேவை. அமேசானில் 2018இல் வந்த சீக்ரெட்ஸ் மேனேஜர் அப்படிப்பட்டது.

ஒரு பெரிய அலுவலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வேலை வரும்போது மட்டும் ஆட்களைக் கூப்பிடுவார்கள். வருகிறவர் கையில் எந்தச் சாவியும் கொண்டுவருவதில்லை. வாசலில் இருக்கும் காவலர், "இவர் கணக்குப் பிரிவு வேலைக்காக நாமே வரவழைத்தவர்" என்று தெரிந்துகொண்டு, ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுகிறார். அட்டையில் பிரிவின் பெயரும், எத்தனை மணிவரை செல்லும் என்பதும் இருக்கும். உள்ளே ஆவண அறையில் இருப்பவர் அட்டையைப் பார்க்கிறார், தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்க்கிறார், கணக்குப் பிரிவுக்கு எந்தக் கோப்பைக் கொடுக்கலாமோ அதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்.

இங்கே பெட்டகத்துக்கென்று வந்தவர் கையில் பாஸ்வேர்டு ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவரை உள்ளே விட்டவரே அவருடைய அடையாளத்துக்கு உத்தரவாதம். சர்வர்லெஸ்ஸிலும் இதேதான் நடக்கிறது. உங்கள் ஃபங்ஷனை ஓட்டுவதே கிளவுட் நிறுவனம், ஆகவே இப்போது ஓடிக்கொண்டிருப்பது எந்த ஃபங்ஷன் என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். "நான்தான்" என்று நிரூபிக்க ஃபங்ஷன் தனியாக ஒரு ரகசியம் வைத்திருக்க வேண்டியதில்லை. சாவிக்குச் சாவி, அதற்கு ஒரு சாவி என்று முடிவில்லாமல் போகும் சங்கிலி இந்த இடத்தில் அறுந்துவிடுகிறது.

இந்த அடையாளத்துக்கு அமேசானில் ரோல் என்று பெயர். ரோல் என்பது ஒரு வேலைக்கான பெயரும், அந்த வேலையில் இருப்பவர் எதையெல்லாம் செய்யலாம் என்ற அனுமதிப் பட்டியலும் சேர்ந்தது. அந்த அனுமதிப் பட்டியலுக்குப் பாலிசி என்று பெயர். ஒவ்வொரு ஃபங்ஷனையும் உருவாக்கும்போதே அதற்கு ஒரு ரோலைச் சூட்டுகிறோம்.

## ஒரு அழைப்புக்குள் என்ன நடக்கிறது

இப்போது அலுவலகத்தை விட்டுவிட்டு நிஜத்தைப் பார்ப்போம்.

கோரிக்கை வருகிறது, லாம்ப்டா புதிய இடத்தை உருவாக்குகிறது. உங்கள் ஃபங்ஷனின் ரோலை ஏற்றுக்கொண்டு, அதற்கான தற்காலிக நற்சான்றை அந்த இடத்துக்குள் வைக்கிறது. நற்சான்று என்பது மூன்று துண்டுகள்: ஒரு அடையாள எண், ஒரு ரகசிய கீ, குறிப்பிட்ட நேரம் மட்டும் செல்லும் ஒரு செஷன் டோக்கன். இது சில மணி நேரத்தில் காலாவதியாகும், புதுப்பித்துக் கொடுப்பது கிளவுடின் பொறுப்பு. உங்கள் நிரலில் நீங்கள் பயன்படுத்தும் அமேசான் நூலகம் இந்த மூன்றையும் தானே கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளும், நீங்கள் ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம். யாராவது ஃபங்ஷனுக்குள் நிரந்தர ஆக்செஸ் கீயை எழுதி நூலகத்துக்குக் கொடுத்திருந்தால், தேவையில்லாத ஒன்றைச் செய்து ஆபத்தையும் சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்து நிரல், "இந்தப் பெயருள்ள ரகசியத்தின் மதிப்பைக் கொடு" என்று சீக்ரெட்ஸ் மேனேஜரைக் கேட்கிறது. நூலகம் அந்தக் கோரிக்கையில் நற்சான்றை வைத்துக் கையெழுத்திடுகிறது. ரகசிய கீ கோரிக்கையோடு பயணிப்பதில்லை, அதைக் கொண்டு கணக்கிட்ட கையெழுத்து மட்டும் போகிறது. மறுமுனையில் கையெழுத்து சரிபார்க்கப்படும், ரோலின் பாலிசியில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கப்படும். இருந்தால் மதிப்பு டிஎல்எஸ் வழியாகத் திரும்பி வரும், அதாவது வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாத இணைப்பில். இல்லையென்றால் அனுமதி மறுக்கப்பட்டது என்ற பதில். கிளவுட்ரெயில் என்ற பதிவேட்டை நீங்கள் சேமித்து வைத்தால், எந்த ரோல் எந்த ரகசியத்தை எப்போது கேட்டது என்று அதில் இருக்கும். ரகசியத்தின் மதிப்பு அதில் இருக்காது.

கூர்மையான ஒருவர் இந்த இடத்தில் என்னை மடக்கலாம். லாம்ப்டா அந்தத் தற்காலிக நற்சான்றை வைப்பதே என்விரான்மென்ட் வேரியபிளில்தானே? ஆமாம், அங்கேதான். ஃபங்ஷனில் கோப்புகளைப் படிக்கவைக்கும் ஓட்டை ஒன்று இருந்தால், வெளியாள் அதையும் எடுத்துவிடலாம். அந்த லாக் வரியிலும் அது இருந்தது. வித்தியாசம் என்னவென்றால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வருடக்கணக்கில் செல்லும், நற்சான்று மணிக்கணக்கில் செத்துவிடும். தவிர, அதை வைத்துக்கொண்டு அந்த ரோலுக்கு அனுமதித்ததை மட்டுமே செய்ய முடியும், செய்வதற்குத் தடயமும் இருக்கும். அதனால்தான் பாலிசியை எவ்வளவு இறுக்கமாக எழுதுகிறோம் என்பது இத்தனை முக்கியம்.

## பாலிசியில் போடும் அந்த நட்சத்திரம்

முதல் முறை முயல்பவருக்கு அனுமதி மறுப்புதான் பதிலாக வரும். அவசரத்தில் பாலிசியில் "எல்லா ரகசியங்களும்" என்று பொருள்படும் நட்சத்திரக் குறியைப் போடுவார்கள். உடனே வேலை செய்யும். அப்படியே விட்டுவிடுவார்கள். இப்போது மின்னஞ்சல் அனுப்புகிற சின்ன ஃபங்ஷன்கூடப் பணப் பரிமாற்ற கீயைப் படிக்கலாம். ஆவண அறையில் இருப்பவரிடம் "அட்டை மாட்டிய யார் வந்தாலும் எந்தக் கோப்பையும் கொடு" என்று சொல்லி வைத்த மாதிரி.

ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு ரோல், அந்த ரோலுக்கு அதற்கு வேண்டிய ரகசியம் மட்டும், அதிலும் படிக்கும் அனுமதி மட்டும். இதைச் செய்யும்போது பலரும் தடுக்கி விழும் ஒரு கல்லைச் சொல்லிவிடுகிறேன். சீக்ரெட்ஸ் மேனேஜர் ஒவ்வொரு ரகசியத்தின் முழு முகவரியின் கடைசியிலும் ஒரு கோடும் தானாக உருவாக்கிய ஆறு எழுத்துகளும் சேர்க்கும். நீங்கள் வைத்த பெயரோடு முகவரியை நிறுத்தினால் பாலிசி பொருந்தாது. அந்த ஆறு எழுத்துகளையும் சேர்த்து எழுதுங்கள், அல்லது அந்த இடத்தில் ஆறு கேள்விக்குறிகளைப் போடுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பாதிப் பேர் நட்சத்திரத்துக்குப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

## பெட்டகத்துக்குள் இருக்கும் பூட்டு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இதைத் தினமும் தொடப்போவதில்லை. ரகசியம் ஒரு 256 பிட் கீயால் பூட்டப்படுகிறது. அந்தக் கீயை கேஎம்எஸ் என்ற, கீகளைப் பாதுகாக்கும் சேவையிடம் உள்ள இன்னொரு மூலக் கீ பூட்டுகிறது. மூலக் கீ அந்தச் சேவையின் பாதுகாப்பு வன்பொருளை விட்டு வெறும் வடிவில் வெளியே வராது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மூலக் கீயை நீங்களே உருவாக்கியிருந்தால், ரகசியத்தைப் படிக்கும் அனுமதியோடு அந்தக் கீயால் திறக்கும் அனுமதியும் ரோலுக்கு வேண்டும். அமேசான் தானாகத் தரும் கீ என்றால், அதே கணக்குக்குள் தனி அனுமதி தேவையில்லை. எல்லாம் சரியாக எழுதியும் மறுப்பு வருகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

ஆக, ரோல் யாரென்று சொல்கிறது, பாலிசி எதைத் தொடலாம் என்று சொல்கிறது, கேஎம்எஸ் திறந்து கொடுக்கிறது, பதிவேடு குறித்துக்கொள்கிறது.

## ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டுமா?

பெட்டகத்தைக் கேட்பது நெட்வொர்க் வழியாகப் போய் வரும் வேலை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கேட்டால் தாமதமும் செலவும் கூடும், நெருக்கடி நேரத்தில் "இவ்வளவு வேகமாகக் கேட்காதே" என்று பெட்டகமே திருப்பி அனுப்பவும் செய்யும்.

இங்கேதான் லாம்ப்டாவின் ஒரு குணம் கைகொடுக்கிறது. அழைப்பு முடிந்ததும் அந்த இடத்தை அது உடனே இடித்துவிடுவதில்லை, உறைய வைத்திருக்கிறது. அடுத்த கோரிக்கை வந்தால் அதையே எழுப்பிப் பயன்படுத்தும். அப்போது ஃபங்ஷனுக்கு வெளியே, நிரலின் மேல்மட்டத்தில் வைத்த மாறிகள் அப்படியே இருக்கும். ஆகவே ரகசியத்தை ஒரு முறை எடுத்து அந்த மேல்மட்ட மாறியில் வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த அழைப்புகள் பெட்டகத்துக்குப் போக வேண்டியதில்லை. இப்படி அருகிலேயே வைத்துக்கொள்ளும் நகலுக்குக் கேஷ் என்று பெயர். நகல் நினைவகத்தில் மட்டும் இருக்கட்டும், தற்காலிகக் கோப்பில் எழுத வேண்டாம். அந்தக் கோப்பும் அதே இடத்தில் உறைந்து கிடக்கும்.

கேஷ் எழுதச் சோம்பலாக இருந்தால், அமேசானே தரும் ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. ஃபங்ஷனோடு கூடவே ஓடும் துணை நிரல் அது. அதே இடத்துக்குள் 2773 என்ற போர்ட்டில் காத்திருக்கும், உங்கள் நிரல் அதைக் கேட்கும், அது பெட்டகத்தைக் கேட்டு, பதிலை இயல்பாக 300 விநாடிகள் வைத்திருக்கும். அதைக் கேட்கும்போது செஷன் டோக்கனையும் கோரிக்கையின் தலைப்பில் (ஹெடரில்) சேர்த்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பதில் வராது.

## பாஸ்வேர்டு மாறும் அந்தச் சில நிமிடங்கள்

ரகசியத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்றுவதற்கு ரொட்டேஷன் என்று பெயர். பெட்டகத்தின் பெரிய லாபம் இதில்தான். நிரலை மறுபடி டெப்ளாய் செய்யாமலே பாஸ்வேர்டை மாற்றலாம். சீக்ரெட்ஸ் மேனேஜர் ஒவ்வொரு ரகசியத்திலும் இப்போதைய பதிப்பு, முந்தைய பதிப்பு என்று முத்திரை குத்தி வைத்திருக்கும். நிரல் எதுவும் குறிப்பிடாமல் கேட்டால் இப்போதையது கிடைக்கும்.

ஆனால் கேஷ் இருக்கிறதே? பாஸ்வேர்டு மாறிய நொடியில் இருநூறு இடங்கள் ஓடிக்கொண்டிருந்தால், இருநூறிலும் பழைய நகல் இருக்கும். ரொட்டேஷனை இயக்கிவிட்டு, சில நிமிடங்கள் மட்டும் டேட்டாபேஸ் இணைப்பு ஏன் விழுகிறது, பிறகு ஏன் தானாகச் சரியாகிறது என்று புரியாமல் நெட்வொர்க்கைக் குற்றம் சொல்கிறவர்கள் உண்டு. காரணம் இந்தப் பழைய நகல்தான். இதற்கு வழி, டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஏற்க மறுத்தால் நிரல் கேஷை எறிந்துவிட்டு, பெட்டகத்தை ஒரே ஒரு முறை புதிதாகக் கேட்டு, மறுபடி முயல வேண்டும். ஒரே ஒரு முறை என்பதை அழுத்திச் சொல்கிறேன், இல்லாவிட்டால் உண்மையிலேயே தவறான பாஸ்வேர்டு இருக்கும் நாளில் ஃபங்ஷன் பெட்டகத்தை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். இரண்டு டேட்டாபேஸ் பயனர்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி பாஸ்வேர்டைப் புதுப்பிக்கும் முறையும் உண்டு. அதில் ஒருவரை மாற்றும்போது மற்றவரின் பாஸ்வேர்டு செல்லும் என்பதால் இந்த இடைவெளியே வராது.

## மற்ற கிளவுடுகளில்

பெயர்தான் மாறும். அஸூரில் பெட்டகம் கீ வால்ட், அடையாளம் மேனேஜ்டு ஐடென்டிட்டி. கூகுளில் சீக்ரெட் மேனேஜர், சர்வீஸ் அக்கவுன்ட். கூகுளின் கிளவுட் ரன்னில் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே பெட்டகத்தில் உள்ள ரகசியத்தை என்விரான்மென்ட் வேரியபிளாகவும் தரச் சொல்லலாம், கோப்பாகவும் தரச் சொல்லலாம். வேரியபிளாகக் கேட்டால் அந்த இடம் எழும்போது இருந்த மதிப்பே கடைசிவரை இருக்கும், கோப்பாகக் கேட்டால் படிக்கும்போது உள்ள மதிப்பு வரும். ரொட்டேஷன் செய்கிறவர்களுக்குக் கோப்புதான் ஏற்றது.

## ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனை மாற்றும்போது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். கைக்கு வந்தால் அதிகச் சேதம் செய்யக்கூடிய ஒரு ரகசியத்தை எடுங்கள், அனேகமாக அது டேட்டாபேஸ் பாஸ்வேர்டாக இருக்கும். அதைப் பெட்டகத்தில் வையுங்கள், ஃபங்ஷனுக்குத் தனி ரோல் கொடுங்கள், வேரியபிளில் இனி ரகசியத்தின் பெயர் மட்டும் இருக்கட்டும். ஃபங்ஷன் தனிப்பட்ட நெட்வொர்க்குக்குள் ஓடுகிறது என்றால், பெட்டகத்துக்குப் போகும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிழைச் செய்திகூட வராது, நேரம் முடியும்வரை ஃபங்ஷன் சும்மா காத்திருந்து விழும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெட்டகத்துக்குள் இப்போது இருப்பது பழைய கமிட்டிலும், பழைய லாக்கிலும், யாரோ ஒருவரின் கணினியிலும் கிடக்கிற அதே பாஸ்வேர்டு. அன்றைக்கே அதை மாற்றிவிடுங்கள்.